மூலநோயும் நாணமும்

தலையிடி வந்தால் வீட்டார் எல்லாரும் அறிவர். காய்ச்சல் கண்டால் அயலவரும் வந்து விசாரிப்பர். நீரிழிவும் இரத்த அழுத்தமும் இக்காலத்திற் சந்தியிலே நின்று பேசப்படும் பொருள்களாகிவிட்டன. ஆனால், மூலநோய் உடையவர் அதனைத் தம் மனைவியிடமோ கணவனிடமோகூடச் சொல்லுவதில்லை. கதிரையில் ஒரு பக்கம் சாய்ந்து உட்காருவார். விருந்திலே உறைப்புக் கறியை ஒதுக்குவார். காரணங் கேட்டாற் சிரித்து மழுப்புவார். மனிதர் மறைத்து வைக்கும் நோய்களுள் இது மிகப் பரவலான ஒன்று.

இப்பொருள் பற்றிப் பேசுமாறு கேட்கப்பட்டபோது எனக்கும் தயக்கம் உண்டாயிற்று. நான் வைத்தியனல்லன். மல்லாவிப் பகுதியிலே அரசினர் பாடசாலை ஒன்றின் அதிபர். பல்கலைக்கழகத்திற் கற்றதும் கலைப்பாடங்களே. எனினும் மறுக்காது ஒப்புக்கொண்டமைக்கு இரண்டு காரணங்கள் உள. ஒன்று, இந்நோயை நானே அநுபவித்தவன் என்பது. மற்றையதைப் பின்னர்ச் சொல்லுவேன்.

எனக்கு நாற்பத்தேழு வயதாயிருக்கையில், ஒரு நாட் காலை வெளிக்குப் போனபோது, நோவு எதுவுமின்றிச் சில துளி செங்குருதி கண்டேன். மறுநாள் அது இல்லை. ஆகவே மறந்துவிட்டேன், அன்றி, மறந்தவன்போல நடித்தேன். ஒரு மாதங் கழித்து மீண்டுங் கண்டது. அது பரீட்சைக் காலம். காலை ஏழரை மணி தொடக்கம் பிற்பகல் வரை கதிரையைவிட்டு எழுந்திருக்க நேரமில்லை. வீட்டில் ஒருவருக்குஞ் சொல்லாமல் அலுவலகக் கதிரையில் ஒரு சிறு தலையணையை இட்டுக்கொண்டேன். அலுவலக உதவியாளர் அதனைக் கண்டுங் காணாதவர்போல, நாள்தோறுங் காலையில் தட்டித் துப்புரவாக்கி வைத்துவிட்டுப் போவார். அவருக்கு எல்லாம் விளங்கியிருந்தது. எனக்குத்தான் அவரிடம் ஒரு சொற் கேட்கத் துணிவு வரவில்லை.

இப்படியே பத்து மாதங்கள் கழிந்தன. ஈற்றில் வைத்தியரிடஞ் சென்றபோது, அவர் பரிசோதிப்பதற்கு எடுத்த நேரம் ஐந்து நிமிடத்துக்கு மேலில்லை. "மூலந்தான், முதற்படியில் இருக்கிறது, கத்தி தேவையில்லை. ஆனால், சேர், இதைப் பத்து மாதம் ஏன் வைத்திருந்தீர்கள்?" என்று கேட்டார். ஆயிரம் பிள்ளைகளிடம் "ஏன்?" என்று கேட்டுப் பழகிய நான், அந்தக் கேள்விக்கு விடை சொல்ல முடியாமல் இருந்தேன். வயது நாற்பதைக் கடந்துவிட்டது என்பதால், குடலின் உட்புறத்தையுங் குழாய்க் கருவியினாற் பார்த்து வருமாறு அவர் என்னைப் பெரிய வைத்தியசாலைக்கு அனுப்பினார். அங்கே வேறு குற்றம் எதுவுங் காணப்படவில்லை.

நேயர்களே, மூலம் என்பது உடலிற் புதிதாக முளைக்கும் ஒரு கட்டி என்றே நானும் எண்ணியிருந்தேன். அது சரியன்று. குதவாயின் உட்புறத்தில் எல்லா மனிதருக்கும், பிறந்த நாள் தொட்டே, மெத்தை போன்ற மூன்று சிறு திரட்சிகள் இருக்கின்றன. நுண்ணிய இரத்தக் குழாய்களும், அவற்றைத் தாங்கும் இழைகளும், தசைநார்களுஞ் சேர்ந்து அமைந்தவை அவை. தண்ணீர்க் குழாயின் வாயை இறுக்கி மூடுவதற்கு உள்ளே ஓர் இறப்பர் வளையம் வைத்திருக்கிறோமல்லவா? அதுபோல, வாயுவும் நீரும் நம்மை அறியாமற் கசிந்துவிடாதபடி அந்த வாயிலைப் பொருத்தி வைப்பது இம்மெத்தைகளின் தொழில். இவ்வுண்மையைத் தொம்சன் என்னும் பிரித்தானிய வைத்தியர் 1975-ம் ஆண்டில் விரிவாக எடுத்துக்காட்டினார். அதற்கு முன்னர், மூலம் என்பது வெறுமனே புடைத்த நாளம் என்றே பெரும்பாலார் கருதி வந்தனர்.

ஆகவே, மெத்தைகள் இருப்பது நோயன்று. அவற்றைத் தாங்கும் இழைகள் தளர்ந்து, அவை கீழ்நோக்கிச் சரிந்து, இரத்தந் தேங்கிப் புடைக்கும்போதே நோய் உண்டாகிறது. உட்பகுதியில் உள்ளது உள்மூலம். அவ்விடத்தில் நோவை உணரும் நரம்புகள் இல்லையாகையால் அது பெரும்பாலும் நோகாது. செந்நிறமான இரத்தம் மட்டும் சொட்டும். முதற்படியில் அது வெளியே வருவதில்லை. இரண்டாம் படியில், முக்கும்போது வெளிவந்து தானே உள்ளே போய்விடும். மூன்றாம் படியிற் கையினால் உள்ளே தள்ள வேண்டும். நான்காம் படியில் தள்ளினாலும் உள்ளே போகாது. வாயிலின் வெளிப்புறத் தோலின் கீழ் உண்டாவது வெளிமூலம். அங்கே நரம்புகள் மிகுதி. இரத்தம் உள்ளே உறைந்து கட்டிபட்டுவிட்டால் இருக்கவும் முடியாது, படுக்கவும் முடியாது.

நோவு அதிகமானால் நோயும் அதிகம், நோவு இல்லையானால் நோயும் இல்லை என்று நம்மிற் பலர் கணக்குப் போடுகிறோம். இந்த நோயில் அக்கணக்குப் பிழைக்கும். வெளிக்குப் போகும்போது கத்தியால் அறுத்தாற்போல் நோகுமானால், அது பெரும்பாலும் மூலமன்று; குதவாயின் தோலில் ஏற்பட்ட வெடிப்பு. அருகே சிறு துவாரத்தாற் சீழ் வடியுமானால் அது பவுத்திரம். ஒவ்வொன்றுக்கும் சிகிச்சை வேறு. நம்மவரோ இடுப்புக்குக் கீழே எது வந்தாலும் "மூலம்" என்ற ஒரு பெயரை இட்டு முடித்துவிடுகின்றனர்.

இந்நோயை நம் முன்னோர் நன்கு அறிந்திருந்தனர். சுசுருத சங்கிதை இதற்கு மருந்து, காரம், சூடு, கத்தி என நால்வகைச் சிகிச்சையை வகுத்துக் கூறுகிறது. யூகி முனிவர் பெயரால் வழங்குஞ் சித்த வைத்திய நூல் மூலத்தை 21 வகையாகப் பிரிக்கிறது. 1847-ம் ஆண்டில் யாழ்ப்பாணத்துக்கு வந்து மானிப்பாயிற் பணியாற்றிய அமெரிக்க வைத்தியர் சாமுவேல் கிறீன், மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழில் ஆக்கித் தந்தார். 'இரண வைத்தியம்' என்னுஞ் சத்திரசிகிச்சை நூல் 1867-ல் வெளிவந்தது. அவருடைய மாணவர் தமிழிலே படித்து வைத்தியராயினர். அக்காலத்து மாணவர் கூச்சமின்றித் தமிழில் எழுதிப் படித்த சொற்களை, இக்காலத்தில் நாம் வைத்தியர் முன்னிலையில் வாய்திறந்து சொல்ல முடியாமல் விழிக்கிறோம். இது கல்வியின் வளர்ச்சியா என்று நான் சிலவேளை எண்ணுவதுண்டு.

இனி, இந்நோய் ஏன் வருகிறது? முதற் காரணம் முக்குதல். முக்குதற்குக் காரணம் மலம் இறுகுதல். மலம் இறுகுதற்குக் காரணம் நமது சோற்றுக் கோப்பையிலும் தண்ணீர்ச் செம்பிலுமே பெரும்பாலும் இருக்கிறது. உகண்டா நாட்டிலே நெடுங்காலஞ் சத்திரசிகிச்சை செய்த டெனிஸ் பேர்க்கிற் என்னும் அயர்லாந்து வைத்தியர், அங்குள்ள கிராமத்து மக்களிடையே மூலம் முதலிய நோய்கள் அரிதாயிருப்பதையும், மேனாட்டாரிடையே மலிந்திருப்பதையும் ஒப்பிட்டுப் பார்த்தார். தானியத்தின் உமியோடு தவிட்டையும் நீக்கி, நாரில்லாத உணவை உண்பதே வேறுபாட்டுக்குக் காரணம் என 1970-ம் ஆண்டுகளில் எடுத்துரைத்தார். அவர் கூறியவற்றுள் எல்லாவற்றையும் பின்வந்தோர் அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. எனினும், நார்ச்சத்து மிகுந்த உணவு மூலத்தில் இரத்தம் போதலைக் குறைக்கிறது என்பது பின்னர் நடந்த பரிசோதனைகளாலும் உறுதிப்பட்டிருக்கிறது.

மேனாட்டு மாற்றத்தை அறிய நாம் உகண்டாவுக்குப் போகவேண்டியதில்லை. வவுனிக்குளத்து நீரை நம்பிக் கமஞ்செய்யும் எங்கள் பகுதியிலேயே அதனைக் காணலாம். என் சிறுவயதில் வீட்டு நெல்லை அவித்துக் குற்றிய அரிசியே உலையில் விழும். காலையிற் குரக்கன் பிட்டு அல்லது பழஞ்சோறு. மாலையில் அவித்த பயறு அல்லது கௌபி. வீட்டு வேலியிலே முருங்கை. மழைக்காலத்திற் கீரைகளுக்குக் குறைவில்லை. பாலைப்பழக் காலத்திற் பிள்ளைகள் காட்டிலேயே வயிற்றை நிரப்பிக்கொண்டு வருவார்கள். இன்று நெல்லை விளைவிக்கின்ற கமக்காரனே அதை விற்றுவிட்டு, தீட்டிய வெள்ளை அரிசியைக் கடையில் வாங்குகிறான். காலையில் பாண், இரவிற் கொத்து ரொட்டி, இடையே பிளேன்ரீயும் பிஸ்கற்றும். சமைத்த வெள்ளைச் சோறு 100 கிராமில் நார்ச்சத்து அரைக் கிராம் அளவே உண்டு. தவிடு நீக்காத அரிசிச் சோற்றில் அது ஏறத்தாழ 2 கிராம். அவித்த கௌபி 100 கிராமில் 6 கிராமுக்கு மேலும், கொய்யாப்பழத்தில் 5 கிராமளவும், குரக்கன் மாவில் 10 கிராமுக்கு மேலும் உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும். ஒரு கோப்பை அவித்த கௌபியும், இரு கொய்யாப்பழமும், ஒரு கறிக் கீரையும், தவிடு போகாத அரிசிச் சோறும் சேர்ந்தால் அந்தக் கணக்கு ஏறக்குறைய நிறைந்துவிடும். இவற்றுள் ஒன்றேனுங் கப்பலில் வரவேண்டிய பொருளன்று. ஒடியலும் பனங்கிழங்கும் பப்பாசியும் இப்பட்டியலிற் சேரத்தக்கவையே.

ஆனால் ஓர் எச்சரிக்கை. நாரை ஒரே நாளிற் கூட்டிவிட்டால் வயிறு ஊதும். இரண்டு மூன்று வாரங்களிற் சிறிது சிறிதாகக் கூட்டுதல் வேண்டும். தண்ணீர் இல்லாமல் நாரை மட்டுங் கூட்டினால் மலம் முன்னிலும் இறுகும். வன்னி வெயிலில் வயலில் நிற்பவருக்கு இரண்டு இலீற்றர் போதாது. வியர்வையாய்ப் போனதையும் ஈடுசெய்ய வேண்டும். ஆயினும், சிறுநீரக நோயோ இருதய நோயோ உள்ளவர் நீரின் அளவைத் தம் வைத்தியரிடங் கேட்டே கூட்டுதல் வேண்டும். எங்கள் மாவட்டங்களிற் சிறுநீரக நோயாளர் பலர் இருப்பதால் இதனை வற்புறுத்திச் சொல்லுகிறேன்.

உணவைப்பற்றி எல்லாருஞ் சொல்லுவார்கள். அதிகம் பேசப்படாத மற்றொரு காரணம் உண்டு. அதனை ஓர் அதிபராகச் சொல்ல விரும்புகிறேன். உடல் அழைக்கும்போது போகாமல் அடக்கி வைப்பது. மலங் காத்திருக்குந்தோறும் பெருங்குடல் அதிலுள்ள நீரை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். ஒரு நாட் பொறுத்தது மறுநாட் கல்லாகும். 2008-ம் ஆண்டிலே மல்லாவியைவிட்டு இடம்பெயர்ந்து, இடத்துக்கிடம் அலைந்து, 2009-ல் முகாம்களில் இருந்த எங்களுக்கு இது புத்தகத்திற் படித்த செய்தியன்று. நீண்ட வரிசையும், தாழ்ப்பாளில்லாக் கதவும், வாளித் தண்ணீருக்குத் தட்டுப்பாடும். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டிருந்தார்கள். போகாமலிருப்பதற்காகவே உண்ணாமலும் குடியாமலும் இருந்தார்கள். அக்காலத்தில் தொடங்கிய உபாதையை இன்றுஞ் சுமக்கின்றோம் என்று சொல்லும் தாய்மாரை நான் அறிவேன்.

அந்த நினைவு எனக்குப் பயன்பட்டது. சில ஆண்டுகளுக்கு முன், மேல் வகுப்பு மாணவியர் காலையிற் கொண்டுவருந் தண்ணீர்ப் போத்தல்கள் மாலையில் நிறைந்தபடியே வீட்டுக்குத் திரும்புவதைக் கவனித்தேன். ஆசிரியை ஒருவரைக் கொண்டு மெல்ல விசாரித்தபோது, மலசலகூடத்துக்குப் போகாமலிருப்பதற்காகவே அவர்கள் குடிப்பதில்லை என்று தெரிந்தது. கதவுகளுள் இரண்டுக்குத் தாழ்ப்பாள் இல்லை. ஒன்றில் தண்ணீர் வருவதில்லை. நான் அந்தப் பக்கமே போய்ப் பார்த்தவனல்லன். இது என் குற்றமேயன்றி வேறொருவர் குற்றமன்று. தாழ்ப்பாள் இரண்டுக்கும் ஆன செலவு, பரிசளிப்பு விழாவில் ஒரு மாலைக்கு ஆன செலவைவிடக் குறைவு.

மலசலகூடத்தில் இருக்கும் முறையைப்பற்றியும் ஒரு வார்த்தை. குந்தியிருக்கும்போது குடலின் கடைப்பகுதி நேராகி வழி இலகுவாகும். நம் பழைய முறை நல்ல முறையே. முழங்கால் நோவினாற் கதிரை போன்ற மலசலகூடத்தைப் பயன்படுத்தும் வயோதிபர், பாதங்களின் கீழ் ஒரு சிறு பலகை வைத்து, முழங்கால்களை இடுப்புக்கு மேலே உயர்த்தி, சற்று முன்சாய்ந்திருக்கலாம். காலையுணவுக்குப் பின் குடல் இயல்பாகவே அசையும். அந்த நேரத்தை உடலுக்கென ஒதுக்கி வைப்பது நன்று. போன காரியம் முடிந்ததும் எழுந்துவிட வேண்டும். முன்னாளிற் சிலர் பத்திரிகையோடு உள்ளே போவார்கள். இந்நாளில் எல்லாருங் கைத்தொலைபேசியோடு போகிறார்கள். அமெரிக்காவின் பொஸ்ரன் நகரில் 125 பேரை ஆராய்ந்து 2025-ல் வெளியிட்ட ஓர் ஆய்வு, மலசலகூடத்திற் கைத்தொலைபேசி பார்ப்போருக்கு மூலம் இருக்கும் வாய்ப்பு 46 சதவீதம் அதிகமெனக் கண்டது. சிறிய ஆய்வுதான், ஆயினும், ஆதரவின்றி அந்தரத்தில் தொங்கும் மெத்தைகளின் மேல் அரைமணி நேரம் இரத்தத்தைத் தேக்கி வைத்தால் என்னாகும் என்பதை அறியப் பேராய்வு வேண்டியதில்லை.

கருவுற்ற தாய்மாருக்கு மூலம் வருதல் மிகச் சாதாரணம். வளருங் கருப்பை நாளங்களை அழுத்துவதும், இரும்புச்சத்து மாத்திரையால் மலம் இறுகுவதுங் காரணங்கள். அதற்காக மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. சிகிச்சை நிலையத்தில் மருத்துவமாதுவிடஞ் சொன்னால் வழி சொல்லுவார். பிள்ளை பிறந்தபின் பெரும்பாலும் தானே குறைந்துவிடும். நெடுநாட் பட்ட இருமல், மிகுந்த உடற்பருமன், அடிக்கடி வயிற்றாலே போதல் ஆகியவையும் இந்நோயைத் தூண்டும். மிளகாய் மூலத்தை உண்டாக்குவதில்லை. உள்ள புண்ணை எரியச் செய்யும், அவ்வளவே. சூடான கல்லில் இருந்தால் மூலம் வருமென்பதும், ஒருவர் இருந்த கதிரையிலிருந்து மற்றவருக்குத் தொற்றுமென்பதும் வெறும் பேச்சு.

வந்துவிட்டால் என்ன செய்வது? தொடக்க நிலையில் நாரும் நீரும் ஒழுங்கும் போதும். நோவு இருந்தால், இளஞ்சூடான நீர் நிறைந்த அகன்ற பாத்திரத்திற் பத்துப் பதினைந்து நிமிடம் அமர்ந்திருத்தல் ஆறுதல் தரும். இதில் அடங்காத உள்மூலத்துக்குச் சிறு இறப்பர் வளையத்தை அடியிலே மாட்டிவிடும் முறை ஒன்றுண்டு. அமெரிக்க வைத்தியர் பரன் 1963-ல் அதனை எளிமைப்படுத்தி விளக்கினார். இரத்தம் தடைப்பட்ட மூலம் சில நாட்களில் உலர்ந்து உதிர்ந்துவிடும். பெரும்பாலும் மயக்க மருந்தும் வேண்டியதில்லை. மிக முற்றியவற்றுக்கே சத்திரசிகிச்சை. "கத்தி வைத்துவிடுவார்கள்" என்று அஞ்சி ஓடுபவர்களே, ஓடி ஓடி ஈற்றிற் கத்திக்கு வந்து சேருகிறார்கள்.

பதிவுபெற்ற சித்த, ஆயுர்வேத வைத்தியர் நம் மதிப்புக்குரியவர். கருணைக்கிழங்கையும் துத்தி இலையையும் இந்நோய்க்கு வழங்குவது நம் நாட்டில் நெடுங்கால மரபு. நான் சொல்ல வருவது அவர்களையன்று. பேருந்து நிலையத்திலும் சந்தையிலும் "மூன்று நாளில் மூலம் விழும்" என்று கூவி மருந்து விற்பவரைப்பற்றி. அதில் என்ன கலந்திருக்கிறதென்று விற்பவருக்கே தெரியாது. தோலை வேகவைக்குங் காரத்தைப் பூசிக்கொண்டு, புண் ஆறியபின் வழி சுருங்கிப்போய் வருந்துபவர் உண்டு.

இனி, முன்னே சொல்லாமல் விட்ட இரண்டாவது காரணம். என் அம்மான் ஒருவர் இருந்தார். நல்ல கமக்காரர், அறுபது வயதிலும் வரப்பு வெட்டுவார். அவருக்கு இரத்தம் போயிற்று. "தம்பி, இது எங்கட அப்புவுக்கும் இருந்த மூலச் சூடுதான். கிழங்கு சாப்பிட அடங்கும்" என்றார். ஒரு வருடமாகக் கிழங்கும் சாப்பிட்டார். சந்தையிற் கூவியவனிடம் வாங்கிய உருண்டையுஞ் சாப்பிட்டார். இடையில் மெலிந்தார், வேலை கூடிப்போயிற்று என்றார். ஒரு வாரம் மலம் இறுகும், மறு வாரம் நீராய்ப் போகும். உணவு ஒத்துக்கொள்ளவில்லை என்றார். மயங்கி விழுந்தபின்னரே வைத்தியசாலைக்குக் கொண்டுபோனோம். அது மூலமன்று, குடலின் கடைப்பகுதியிற் புற்றுநோய். ஆறு மாதத்தில் அவர் போய்விட்டார். தொடக்கத்திலே கண்டிருந்தாற் பெரும்பாலும் மாற்றக்கூடிய நோய் அது என்று வைத்தியர் சொன்னபோது, என் மாமி என்னைப் பார்த்த பார்வையை நான் மறக்கவில்லை. படித்தவன் நான் ஒருவன்தானே அந்த வீட்டுக்கு அயலில் இருந்தேன்?

இது நடந்து நான்கு ஆண்டுகளின் பின்னரே எனக்கு இரத்தங் கண்டது. அப்படியிருந்தும் பத்து மாதம் பேசாதிருந்தேன்.

ஆகையால், கேட்டுக்கொண்டிருப்பவர்களே, இவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். இரத்தங் கருஞ்சிவப்பாயிருந்தாலோ, மலத்தோடு கலந்து வந்தாலோ, மலமே தார்போலக் கறுத்திருந்தாலோ, வெளிக்குப் போகும் வழக்கம் சில வாரங்களாக மாறியிருந்தாலோ, காரணமின்றி உடல் மெலிந்தாலோ, களைப்பும் இரத்தசோகையுங் கண்டாலோ, குடும்பத்தில் எவருக்கேனுங் குடற் புற்றுநோய் இருந்திருந்தாலோ, ஒரு நாளுந் தாமதிக்கக் கூடாது. இரும்பு மாத்திரை உண்பவருக்கு மலங் கறுப்பாய்ப் போவதுண்டு; அதனையும் வைத்தியரிடமே தெளிந்துகொள்ள வேண்டும். இவை ஒன்றும் இல்லாமல் செந்நிற இரத்தம் ஒரு துளி கண்டாலும், நாற்பது வயதைக் கடந்தவர், "மூலந்தான்" என்று தாமே தீர்ப்புச் சொல்லாமல், ஒரு முறை காட்டிவிட வேண்டும். பெண்கள் பெண் வைத்தியரைக் கேட்கலாம். பரிசோதனையின்போது துணைக்கு ஒருவரை வைத்துக்கொள்ளவுங் கேட்கலாம். அதில் எவருந் தவறு காண்பதில்லை.

வைத்தியர் முன்னே போய் இருந்ததும் எப்படித் தொடங்குவதென்று தெரியாமற் காய்ச்சல் என்றும் கால்நோவு என்றுஞ் சொல்லிவிட்டு எழுந்து வருபவர் பலர். நானும் முதல்முறை "பசியில்லை" என்று சொல்லி, விற்றமின் மாத்திரையோடு வீடு திரும்பியவன். "வெளிக்குப் போகும்போது இரத்தம் போகிறது" என்று சொல்லுங்கள். மிகுதியை அவர் கேட்டுக்கொள்வார்.